அந்த செட்டில் நான் போட்டது இரண்டே இரண்டு

போன வாரம் மேக்கப் டிராயரை ஒழுங்குபடுத்த உட்கார்ந்தேன். ஒழுங்குபடுத்துவது என்றால் என்னைப் பொறுத்தவரை எல்லாவற்றையும் வெளியே எடுப்பது, ஒவ்வொன்றாக மூடியைத் திறந்து முகர்ந்து பார்ப்பது, இரண்டு மூன்றை உதட்டில் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நிற்பது, அப்புறம் அத்தனையையும் அதே டிராயரில் திணித்துவிட்டு எழுந்து போவது. இந்த முறை ஏனோ உதட்டுக்கானதை மட்டும் ஒரு துண்டை விரித்துப் பரப்பி எண்ணிப் பார்த்தேன். 31 இருந்தன. நானே ஷேட் தேடி, கையில் தேய்த்துப் பார்த்து, யோசித்து வாங்கியவை எட்டு. மீதி 23-ம் வருஷக் கடைசியில் ரிப்பன் கட்டி வரும் பண்டிகை செட்டுகளில் வந்து சேர்ந்தவை.

அந்த எட்டில் ஆறு பாதிக்கு மேல் தீர்ந்திருந்தன. 23-ல் பெரும்பாலானவற்றின் நுனி கடையில் இருந்த சாய்வு மாறாமல் அப்படியே இருந்தது.

பண்டிகை செட் என்று நான் சொல்வது எதை என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். நான்கைந்து மினி லிப்ஸ்டிக், அல்லது உதட்டு ஓரம் வரையும் ஒரு லைனர் பென்சில், ஒரு லிப்ஸ்டிக், மேலே பளபளப்புக்கு ஒரு லிப் கிளாஸ் என்று மூன்றும் ஒரே நிறக் குடும்பத்தில், பளபளவென்று ஒரு பெட்டி. சிலவற்றில் லிப் பாம், ஸ்க்ரப், ராத்திரி போட்டுக்கொண்டு தூங்கும் லிப் மாஸ்க் என்று வேறு சேர்ந்து வரும். தனித்தனியாக வாங்கினால் இவ்வளவு ஆகும், செட்டாக வாங்கினால் இவ்வளவுதான் என்று பெட்டி மேலேயே போட்டிருப்பார்கள். நமக்கும் கை துறுதுறுக்கும்.

எனக்கு இந்த செட்டுகள் பிடிக்கும், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிடிக்காதவள் 23 சேர்த்திருக்க மாட்டாள். அதனால் இது வாங்காதீர்கள் என்று உபதேசம் செய்யும் பதிவு இல்லை. ஆனால் டிராயரைப் பரப்பிய அன்றைக்கு நான் போட்ட கணக்கு ஒன்று இருக்கிறது. அதைப் பார்த்த பிறகு செட் வாங்கும் விதம் எனக்கு மாறிவிட்டது.

வழக்கமான குச்சி லிப்ஸ்டிக் முழு அளவில் 3 முதல் 4 கிராம் வரை இருக்கும். மினி என்றால் பெரும்பாலும் 1 முதல் 2 கிராம். என்னிடம் இருந்த ஒரு செட்டில் ஐந்து மினி, ஒவ்வொன்றும் 1.2 கிராம், ஆக மொத்தம் 6 கிராம். அந்த செட்டின் விலை, அதே நிறுவனத்தின் 3.5 கிராம் முழு லிப்ஸ்டிக் ஒன்றரை வாங்கும் விலை. ஒன்றரை லிப்ஸ்டிக் என்றால் 5.25 கிராம். இங்கே 6 கிராம் கிடைக்கிறது, கூடவே ஐந்து நிறம். கணக்கு நம் பக்கம்தான். வாங்கும்போது நானும் இதே கணக்கைப் போட்டுவிட்டுத்தான் வாங்கினேன், அதில் கொஞ்சம் பெருமை கூட.

ஆனால் அந்த ஐந்தில் நான் போட்டது இரண்டு. இரண்டும் சேர்த்து 2.4 கிராம், அதாவது முக்கால் லிப்ஸ்டிக்குக்கும் குறைவு. அதற்கு ஒன்றரை லிப்ஸ்டிக்கின் பணம் போயிருக்கிறது. இரண்டு மடங்குக்கும் மேல் கொடுத்து வாங்கியிருக்கிறேன், மிச்சம் பிடித்துவிட்டோம் என்ற நினைப்போடு.

பெட்டி மேல் போடும் அந்த ‘மதிப்பு’ எண்ணையும் ஒரு கை பார்க்க வேண்டும். மினிகளைத் தனியாக விற்கும்போது கிராமுக்கு வைக்கும் விலை முழு அளவை விடப் பெரும்பாலும் கூடுதலாகத்தான் இருக்கும். அந்தக் கூடுதல் விலையை ஐந்தால் பெருக்கினால் மதிப்பு ஊதிப் பெருத்துவிடும். ‘ஏழு பீஸ் செட்’ என்று போட்டிருப்பதைப் பிரித்துப் பார்த்தால் அதில் ஒன்று பை, ஒன்று பென்சில் சீவும் ஷார்ப்னர். ‘முழு அளவு’ என்று ஒரு ஓரத்தில் எழுதியிருக்கும், எது முழு அளவு என்று தேடிப் போனால் லைனர் மட்டும். பொய் என்று எதையும் சொல்ல முடியாது. எல்லாம் பெட்டியின் அடியில், பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கும் எழுத்தில் இருக்கத்தான் செய்கிறது. கிராமும் மில்லிலிட்டரும் அங்கேதான் இருக்கும். பெட்டிக்குள் இருக்கும் அட்டைப் பள்ளமும், ஒவ்வொரு டியூபுக்கும் நடுவே விட்டிருக்கும் இடைவெளியும் பண்ணும் ஜாலத்தில் சுண்டுவிரல் நீளம் கூட இல்லாத டியூப் கம்பீரமாகத் தெரியும்.

வீட்டில் 0.01 கிராம் வரை காட்டும் குட்டித் தராசு ஒன்று இருக்கிறது. எதற்கு வாங்கினேன் என்பது மறந்துபோய்விட்டது. சும்மா ஒரு ஆர்வத்தில் அதை எடுத்துவந்து துண்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். செட்டில் எனக்கு ரொம்பப் பிடித்த ஒரு பெர்ரி நிறம், அடிவரை திருகிப் போட்டு முடித்தது, இனிமேல் மேலே வராது. அதை நிறுத்தேன். அப்புறம் ஒரு பல்குத்தியை எடுத்து உள்ளே ஒட்டியிருந்ததை எல்லாம் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி நிறுத்தேன். வித்தியாசம் 0.27 கிராம். 1.2 கிராமில் 0.27 என்றால் கிட்டத்தட்ட கால்வாசி, டியூபின் அடிக்குழியிலேயே மாட்டிக்கொண்டிருக்கிறது! முழு அளவு லிப்ஸ்டிக் ஒன்றையும் அதே மாதிரி சுரண்டிப் பார்த்தேன், 0.31 வந்தது. 3.5 கிராமில் அது பத்தில் ஒரு பங்குக்கும் கீழே. குழி இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான், மேலே நிற்கும் குச்சிதான் குட்டை. மினி வாங்கினால் இந்தச் சுரண்டும் வேலையும் சேர்ந்தே வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுரண்டியதை ஒரு சின்ன டப்பாவில் போட்டுப் பிரஷ்ஷால் எடுத்துப் போடலாம், நான் அப்படித்தான் செய்கிறேன், வீட்டில் சிரிக்கிறார்கள்.

அதே செட்டில் வந்த இன்னொன்று, வெளிர் நியூட். சுரண்டிப் பார்த்ததில் 1.17 கிராம் இருந்தது. அதாவது அது வந்த நாளிலிருந்து நான் பயன்படுத்தியது 0.03 கிராம். மூன்று இழுப்பு இருக்குமா?

ஒரு லிப்ஸ்டிக் எத்தனை நாள் வரும் என்ற கேள்விக்கு ஓரளவு பதில் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் நுகர்வோர் பாதுகாப்புக்கான அறிவியல் குழு, அழகுசாதனப் பொருட்கள் பாதுகாப்பானவையா என்று கணக்கிடும்போது லிப்ஸ்டிக்குக்கு நாளொன்றுக்கு 0.057 கிராம் என்று வைத்துக்கொள்கிறது. பாதுகாப்புக் கணக்கு என்பதால் தாராளமாகப் பூசுகிறவரை மனதில் வைத்த எண் அது. அந்தத் தாராளத்திலேயே 1.2 கிராம் மினி மூன்று வாரம் வரும், முழு லிப்ஸ்டிக் இரண்டு மாதம். என் டிராயரில் இருந்த 23-ஐயும் சராசரியாக 1.2 கிராம் என்று வைத்தால், தினமும் தாராளமாகப் போட்டாலும் ஒரு வருஷத்தைத் தாண்டி நான்கு மாதம் ஓடும். நான் வாரத்துக்கு மூன்று நாள் போட்டால் அதிகம், அதுவும் பெரும்பாலும் அந்த எட்டில் ஒன்றை, இல்லாவிட்டால் அந்த பெர்ரியை.

மினிக்கு ஆதரவாக எல்லோரும் சொல்லும் வாதம் ஒன்று உண்டு. பெரிய லிப்ஸ்டிக் தீர்வதற்குள் காலாவதியாகிவிடும், மினி என்றால் தீர்ந்துவிடும் என்பார்கள். உண்மைதான், ஒரு மினி வாங்கினால். ஐந்தை ஒரே நாளில் திறந்து ஐந்திலும் ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்துவிட்டால் ஐந்துக்கும் கடிகாரம் ஓட ஆரம்பித்துவிடும். டப்பாவின் அடியிலோ டியூபிலோ மூடி திறந்த ஜாடி மாதிரி ஒரு குட்டிப் படம் இருக்கும், அதற்குள் 12 எம், 24 எம் என்று எழுதியிருக்கும். திறந்த பிறகு எத்தனை மாதம் என்று பொருள். குச்சி லிப்ஸ்டிக்கில் மெழுகும் எண்ணெயும்தான் பிரதானம், தண்ணீர் கிடையாது, அதனால் கிருமி அவ்வளவு சீக்கிரம் பெருகாது. அதைக் கெடுப்பது பெரும்பாலும் எண்ணெய் சிக்குப்பிடிப்பதுதான். திறந்தவுடன் மெழுகு கிரேயான் மாதிரியோ பழைய எண்ணெய் மாதிரியோ வாடை வந்தால் தூக்கிப் போட்டுவிடலாம். மேலே குட்டிக் குட்டியாக எண்ணெய்த் துளி அரும்பியிருந்தால் மட்டும் பதற வேண்டாம், சூடும் குளிருமாக மாறி மாறி இருந்தால் லிப்ஸ்டிக் வியர்க்கும்.

திரவமாகப் பூசி, பளபளப்பில்லாமல் காயும் லிக்விட் மேட் லிப்ஸ்டிக்கின் கதை வேறு. அது உதட்டில் காய்வதற்கே, ஐசோடோடெக்கேன் மாதிரி சீக்கிரம் ஆவியாகும் கரைப்பானைச் சேர்க்கிறார்கள். அது பறந்துவிட்டால் நிறமும் படலமும் மட்டும் உதட்டில் தங்கும். உதட்டில் நடப்பதேதான் பாட்டிலுக்குள்ளும் மெதுவாக நடக்கும், ஒவ்வொரு முறை திறக்கும்போதும் கொஞ்சம் பறக்கும். மினி பாட்டிலில் இருப்பதே ஒன்றரை, இரண்டு மில்லிலிட்டர்தான் என்பதால் சீக்கிரம் கெட்டியாகிவிடும். என்னிடம் இருந்த நான்கு லிக்விட் மினிகளில் மூன்று, சுவருக்குப் பெயின்ட் அடித்துவிட்டுக் கழுவாமல் வைத்த பிரஷ் மாதிரி ஆகிவிட்டன. ஒன்றில் குச்சி வெளியே வரவே மறுத்தது. லிக்விட் மேட் செட் மட்டும் நான் இனிமேல் வாங்குவதாக இல்லை.

சரி, நிறத்துக்கு வருவோம். இந்த செட்டுகளைத் திறந்து பார்த்தால் ஒரு வாய்ப்பாடு தெரியும். ஒரு நியூட், ஒரு ரோஸ், ஒரு சிவப்பு, ஒரு அடர் பெர்ரி அல்லது பிரவுன், ஒரு ஜிகினா. எல்லோருக்கும் ஏதாவது ஒன்று பிடித்துவிடும் என்ற கணக்கு. எல்லோருக்கும் ஏதாவது ஒன்று பிடிக்கும் என்பதற்கு இன்னொரு அர்த்தமும் இருக்கிறது, யாருக்கும் எல்லாமும் பிடிக்காது.

அதிலும் நியூட். செட்டில் இருப்பதிலேயே யாருக்கும் பொருந்தும் நிறம் அதுதான் என்பது போல நடுவில் வைத்திருப்பார்கள். என் அனுபவத்தில் ஆளுக்கு ஆள் அதிகம் மாறுவதே அதுதான். சிவப்பு யார் உதட்டிலும் சிவப்பாகத்தான் தெரியும். நியூட் என்பது அவரவர் தோலுக்கும் உதட்டுக்கும் பக்கத்து நிறம். வெள்ளைத் தோலுக்குச் செய்த நியூடை மாநிற உதட்டில் போட்டால் சாம்பல் பூசியது மாதிரி இருக்கும், காய்ச்சலில் படுத்து எழுந்தவள் மாதிரி. அந்த 1.17 கிராமின் கதை இதுதான். அதற்கு ஒரு வைத்தியம் பிறகுதான் கண்டுபிடித்தேன். அடர் பிரவுன் லைனரை ஓரத்தில் கொஞ்சம் அகலமாகவே போட்டு, விரலால் உள்பக்கமாகக் கலைத்துவிட்டு, நடுவில் மட்டும் அந்த நியூடைத் தொட்டு வைத்தால் பிழைத்துக்கொள்கிறது. ஆக லைனர் இருக்கும் செட்டுக்கு என் ஓட்டு கூடுதல். பென்சில் சீக்கிரம் காயாது, சீவினால் புது முனை, ஒரே லைனர் நான்கு லிப்ஸ்டிக்குக்கு ஈடுகொடுக்கும், அளவு பாதியாக இருந்தாலும் மாதக்கணக்கில் வரும்.

ஆனால் இந்த வாய்ப்பாட்டில் நல்லதும் ஒன்று உண்டு, அதைச் சொல்லாவிட்டால் நன்றி கெட்டவள் ஆகிவிடுவேன். கடையில் நின்றால் என் கை தானாக ரோஸ் பக்கம்தான் போகும். நானாக வாங்கிய எட்டில் ஐந்து ரோஸ், தள்ளி நின்று பார்த்தால் ஐந்துக்கும் வித்தியாசம் எனக்கே தெரியாது. அந்த அடர் பெர்ரியை நான் ஒருநாளும் காசு கொடுத்துத் தனியாக வாங்கியிருக்க மாட்டேன். செட்டில் வந்து கிடந்ததால்தான், ஒரு நாள் வெளியே போகும் வேலை எதுவும் இல்லாத தைரியத்தில் போட்டேன். தங்கை உள்ளே வந்தவள் நின்று பார்த்தாள்.

“அக்கா, இது எப்ப வாங்குன? இத்தன நாள் எங்க வச்சிருந்த?”

“செட்ல வந்துது. நல்லாவா இருக்கு? ரொம்ப கருப்பா இல்ல?”

“இதத்தான் நீ முதல்லயே வாங்கியிருக்கணும். அந்த ரோஸ் எல்லாத்தையும் எனக்குக் குடுத்துடு.”

ரோஸைக் கொடுக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு நான் அதிகம் போட்டது அந்த பெர்ரிதான். ஒரு முழு லிப்ஸ்டிக் வாங்கி ஏமாறுவதற்குப் பதில் ஒரு மினி வாங்கி ஏமாறலாம், அல்லது இப்படி ஒரு நல்ல நிறம் அகப்படவும் செய்யலாம். செட்டின் உண்மையான லாபம் இதில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன், கிராமில் இல்லை. இன்னும் தனக்கு எது பொருந்தும் என்று தேடிக்கொண்டிருப்பவருக்கு அது சோதனைச் சாலை. இதுதான் என் நிறம் என்று தெரிந்தவருக்கு அந்த ஒரு நிறத்தை முழு அளவில் வாங்குவதுதான் சரி.

சோதனை என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. எதையாவது வாங்கினால் கூடவே சாம்பிள் ஒன்றை அன்பளிப்பாகக் கொடுக்கும் வழக்கத்தை மேக்கப் உலகில் பிரபலமாக்கியவர், தன் பெயரிலேயே மேக்கப் நிறுவனம் நடத்திய எஸ்டே லாடர். போட்டுப் பார்த்தால் திரும்பி வருவார்கள் என்ற நம்பிக்கை அது. மினியைப் பார்த்தால் எனக்கு அந்த இலவச சாம்பிள்தான் நினைவுக்கு வரும். இன்றைக்கு அதையே ஐந்தாக அடுக்கி ரிப்பன் கட்டினால் நாம் வரிசையில் நின்று காசு கொடுத்து வாங்குகிறோம். அவர் மகன் லியோனார்ட் லாடர் 2001-ல், பொருளாதாரம் தடுமாறும்போது லிப்ஸ்டிக் விற்பனை ஏறுகிறது, பெரிய செலவு செய்ய முடியாதவர்கள் சின்ன ஆடம்பரத்தில் ஆறுதல் தேடுகிறார்கள் என்று சொன்னார். ‘லிப்ஸ்டிக் குறியீடு’ என்ற பேச்சு அங்கிருந்து வந்தது. பிறகு வந்த சில பொருளாதார மந்தங்களில் அது பொருந்தவில்லை, 2020-ல் ஊரே முகக்கவசம் போட்டுக்கொண்டபோது லிப்ஸ்டிக் விற்பனை சரிந்தது. ஆனால் வருஷக் கடைசியில் வேலை எல்லாம் பிழிந்து எடுத்த பிறகு, தனக்கென்று ஒரு சின்ன பளபளப்பை வாங்கிக்கொள்ளும் மனசு எனக்குப் புரிகிறது. 23-ல் பாதி அந்த மனசில் வாங்கியவைதான்.

பெட்டியைத் திறந்ததும் வெளி அட்டையைக் கிழித்துக் குப்பையில் போடுவது என் பழக்கம். அது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று ஒரு லிப் கிளாஸ் சொல்லிக் கொடுத்தது. பண்டிகை செட்டுகளில் புதினா, இலவங்கப்பட்டை என்று வாசனை சேர்ப்பது சகஜம். உதட்டைக் கொஞ்சம் தடிப்பாகக் காட்டும் பிளம்பர் கிளாஸ்களில் இதே பொருட்களை, உறுத்தலால் ரத்த ஓட்டம் கூடி உதடு உப்பட்டும் என்றே போடுகிறார்கள். லேசான குறுகுறுப்பு வரும் என்று எழுதியிருந்தது. எனக்கு வந்தது குறுகுறுப்பு இல்லை, பச்சை மிளகாயைக் கடித்துவிட்டு உதட்டை நக்கினது மாதிரி எரிச்சல், மறுநாள் ஓரமெல்லாம் தோல் உரிந்து வெடிப்பு. எதனால் என்று பார்க்கலாம் என்றால் அந்தக் குட்டி டியூபில் நிறத்தின் பெயரும் ஒரு எண்ணும் தவிர வேறொன்றும் இல்லை. பொருட்களின் பட்டியல் வெளி அட்டையில் இருந்தது, அட்டை போய்விட்டது.

அதிலிருந்து ஒரு செட் வாங்கினால் முதல் வேலையாகப் பெட்டியின் அடிப்பக்கத்தை போனில் படம் எடுத்து வைத்துக்கொள்கிறேன். இலவங்கப்பட்டை எண்ணெயில் இருக்கும் சின்னமால், ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் லேனோலின், தேன்கூட்டிலிருந்து வரும் புரோபோலிஸ், இதெல்லாம் சிலர் உதட்டுக்கு ஒத்துக்கொள்ளாது. லிப்ஸ்டிக்கில் எங்கும் நிறைந்திருக்கும் விளக்கெண்ணெய் கூட அபூர்வமாகச் சிலருக்கு அலர்ஜி தரும். தனி லிப்ஸ்டிக் வாங்கி ஒத்துக்கொள்ளாவிட்டால் ஒன்றுதான் நஷ்டம். செட்டில் ஐந்துக்கும் அடிப்படைக் கலவை பெரும்பாலும் ஒன்றே, மாறுவது நிறமி மட்டும். ஒன்று எரித்தால் ஐந்தும் எரிக்கும். விலங்கிலிருந்து வரும் எதுவும் வேண்டாம் என்று நனி சைவம் பார்ப்பவர்கள் சி.ஐ. 75470 என்ற எண்ணைத் தேடலாம், அது கார்மைன், கொச்சினீல் என்ற பூச்சியிலிருந்து எடுக்கும் சிவப்பு. செட்டின் பட்டியலில் கூட்டல் கழித்தல் குறி போட்டு எல்லா நிறமிகளையும் ஒன்றாகக் கொட்டியிருப்பார்கள், எந்த ஷேடில் எது என்று பிரித்துப் பார்க்க வழியில்லை. அதுவும் ஒரு குறைதான்.

ஜிகினா பற்றி ஒரு வார்த்தை. பண்டிகை என்றாலே கிளிட்டர் இல்லாமல் செட் வராது. என்னிடம் நான்கு இருக்கின்றன, நான்கும் புத்தம் புதுசு. பளபளப்பு மைக்கா என்ற கனிமத் தூளில் வந்தால் மென்மையாக இருக்கும், பிளாஸ்டிக் துணுக்கில் வந்தால் உதட்டில் மணல் மாதிரி நெருடும், எதையாவது குடித்தால் டம்ளர் ஓரத்துக்குப் போகும், பாதி வயிற்றுக்கும்தான். இப்படிப்பட்ட பிளாஸ்டிக் துணுக்குகளைத் தடுக்க ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் கொண்டுவந்த மைக்ரோபிளாஸ்டிக் விதியில் உதட்டு மேக்கப்புக்கு 2035 வரை அவகாசம் கொடுத்திருக்கிறார்கள், அதனால் இது இன்னும் பல பண்டிகைகளுக்கு வரும்.

குப்பை பற்றியும் பேச வேண்டும், ஆனால் நீட்டவில்லை. ஆறு கிராம் சாயத்துக்கு ஒரு காலணிப் பெட்டியில் பாதி அளவு அட்டை, உள்ளே பிளாஸ்டிக் தட்டு, ஐந்து டியூப். இவ்வளவு சின்ன டியூப்கள் மறுசுழற்சி ஆலையின் சல்லடையிலேயே நழுவிவிடும்.

பரிசாகக் கொடுக்க செட் எப்படி? அவருக்கு எந்த நிறம் பிடிக்கும் என்று தெரியாதபோது ஒரே லிப்ஸ்டிக் வாங்கிக் கொடுப்பது சூதாட்டம், ஐந்து கொடுத்தால் ஒன்றாவது தேறும். அப்புறம் பிரித்துப் பார்க்கும் சந்தோஷம் ஒன்று இருக்கிறதே, அதற்கு ஒற்றை டியூப் ஈடாகாது. இப்போதுதான் மேக்கப் போட ஆரம்பிக்கும் பெண்ணுக்கு இதை விட நல்ல பரிசு எனக்குத் தோன்றவில்லை. ஆனால் பல வருஷமாக ஒரே ஷேடை விடாமல் போடுகிறவர் உங்கள் வீட்டிலும் ஒருவர் இருப்பார். அவருக்கு செட் கொடுத்தால் சிரித்து வாங்கி வைத்துக்கொண்டு, அடுத்த வருஷம் வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார். அவருடைய டியூபின் அடியில் ஒட்டியிருக்கும் பெயரைப் பார்த்து அதையே வாங்கிக் கொடுங்கள்.

இப்போது நானும் தங்கையும் ஒரு ஏற்பாட்டுக்கு வந்திருக்கிறோம். செட்டைப் பாதிப் பாதி பணம் போட்டு வாங்குவோம், சீல் பிரிப்பதற்கு முன்னாலேயே பங்கு போட்டுக்கொள்வோம். பிரித்து, உதட்டில் போட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் கைமாற்றுவது கிடையாது. உதட்டுப் புண் வைரஸ் ஒருவர் லிப்ஸ்டிக்கிலிருந்து இன்னொருவருக்குப் போகலாம், அக்கா தங்கை என்று அது பார்க்காது. நியூடும் ஜிகினாவும் அவளுக்கு, பெர்ரியும் பிரவுனும் எனக்கு, சிவப்புக்கு மட்டும் சீட்டு குலுக்குவோம். என் ஒன்றரை லிப்ஸ்டிக் கணக்கு இதில்தான் முதல் முறையாக நேரானது.

சீசன் முடிந்த பிறகு வாங்குவது இன்னொரு வழி. மிஞ்சிய செட்டுகளை விலை குறைத்துத் தள்ளிவிடுவார்கள். நல்ல நிறம் இருக்கும் செட் முதலிலேயே போயிருக்கும், மிஞ்சுவது ஜிகினாவும் யாரும் தொடாத ஊதாவும்தான், ஆனால் லைனர் செட், பாம் செட் எல்லாம் இப்படி வாங்க ஏற்றது. பழசாக இருக்குமே என்ற பயம் வேண்டாம். ஐரோப்பிய விதிப்படி, திறக்காமல் 30 மாதத்துக்கு மேல் தாங்கும் பொருளுக்குக் காலாவதி தேதி போடத் தேவையில்லை, அந்தத் திறந்த ஜாடி குறி இருந்தால் போதும். அந்த விதிப்படி அச்சடித்த பெட்டியில் தேதி இல்லாமல் ஜாடி மட்டும் இருந்தால், திறக்காதவரை அதற்கு 30 மாதத்துக்கு மேல் ஆயுள் இருக்கிறது என்று புரிந்துகொள்ளலாம். திறந்த தேதியை ஒரு துண்டு டேப்பில் எழுதி டியூபின் அடியில் ஒட்டிவிடுங்கள். 23 டியூபில் ஒன்றைக்கூட எப்போது திறந்தேன் என்று எனக்கு நினைவில்லை. முகர்ந்து பார்த்தே முடிவு செய்ய வேண்டியிருந்தது, பத்தைத் தூக்கிப் போட்டேன்.

அந்த பெர்ரியின் கதையைப் பாதியில் விட்டுவிட்டேன். சுரண்டி எடுத்த 0.27 கிராமை டப்பாவில் போட்டுவிட்டு, இதையே முழு அளவில் வாங்கிவிடலாம் என்று டியூபின் அடியில் இருந்த பெயரைத் தேடினேன். அந்த நிறுவனத்தின் ஷேட் வரிசையில் இல்லை. பழையதாகிவிட்டதோ என்று அவர்களுக்கே எழுதிக் கேட்டேன். இரண்டு நாளில் ரொம்பப் பணிவாக ஒரு பதில் வந்தது. அந்த ஷேட் அந்த வருஷத்துப் பண்டிகை செட்டுக்காக மட்டும் செய்தது, தனியாக எப்போதும் விற்றதில்லை, திரும்பக் கொண்டுவரும் எண்ணமும் இப்போதைக்கு இல்லை.

தங்கையிடம் சொன்னேன். “இந்த வருஷ செட்ல பெர்ரி ஒண்ணு இருக்கு அக்கா, பாத்தியா?” என்றாள்.

டப்பாவில் இருப்பதைப் பிரஷ் நுனியால் தொட்டுத் தொட்டுப் போட்டுக்கொண்டிருக்கிறேன். நேற்று நிறுத்தபோது 0.19 இருந்தது.